உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கவுன்சலிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. வந்த கடிதங்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை எழுதியிருந்தார்கள், அவர்களுக்குத் தனியாகவே பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். மீதிப் பேர் இந்த வேலையைப் பற்றியே கேட்டிருந்தார்கள். அவற்றிலிருந்து சில இங்கே. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

"கவுன்சலர்களுக்குப் பாடம் நடத்துபவர் என்று உங்களைப் பற்றிப் போட்டிருந்தார்கள் மேடம். அப்படி ஒரு வேலை இருக்கிறதா? நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?" – வாசகி, சங்கரன்கோவில்

இருக்கிறது அம்மா. கல்லூரியில் கவுன்சலிங் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதைவிட அதிக நேரம் அவர்கள் செய்யும் கவுன்சலிங்கைப் பக்கத்தில் இருந்து கவனிக்கிறேன். பதிவுசெய்ததைக் கேட்பது, எழுதிக் கொண்டுவருவதைப் படிப்பது, உட்கார்ந்து பேசுவது என்று வாரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

நான் சாத்தூர்ப் பக்கம். மதுரையில் சமூகப்பணி முதுகலை படித்துவிட்டு 2002இல் ஒரு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் கவுன்சலராகச் சேர்ந்தேன். பிற்பாடு 'நம்பிக்கை மையம்' என்று போர்டு வைத்தார்களே, அதே மாதிரி மையம்தான். தமிழ்நாட்டில் கவுன்சலர் என்ற ஒரு பதவியை ஜனங்கள் அரசு ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பார்த்தது பெரும்பாலும் அங்கேதான் என்று நினைக்கிறேன். இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலா செல்லப்பனும் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் வந்த வருடங்களில் பரிசோதனைக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதி வந்தது. அந்த ஒருவராக மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு அறையில் நான் இருந்தேன். வயது 26. பயிற்சி என்று கிடைத்தது சில நாட்கள்தான்.

அப்போது இலவச மருந்து கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில், தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று சொன்னால் அடுத்து என்ன சொல்வது என்று எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சேர்ந்த முதல் மாதமே ஒரு லாரி டிரைவரின் மனைவிக்கு முடிவைச் சொல்ல வேண்டி வந்தது. இடுப்பில் குழந்தை. நான் சொல்லி முடித்தேன், அவர் ஒன்றும் பேசவில்லை, அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை, 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அந்த அறையில் மூத்த சமூகப்பணியாளர் ஒருவர் கூட இருந்தார். திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வார்த்தையை யாருக்காகச் சொன்னே?"

எனக்காகத்தான் சொன்னேன். என் பதற்றம் அடங்குவதற்காக. அது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. நான்காம் நாள் அந்த அம்மா திரும்ப வந்தார், நல்ல வேளை. அப்போது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் முக்கால் மணி நேரம் அழுதுவிட்டு, பால் கொடுப்பதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். இதுவரை நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது, மீதி நாகப்பட்டினத்தில்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் மூன்று மாதம் அங்கே இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்துப்போயிருந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ கவுன்சலிங் செய்கிறோம் என்று குழுக்கள் வந்தன, மனசில் ஈரத்தோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குழு போனதும் இன்னொரு குழு வந்து அதே பிள்ளைகளிடம் கிரேயான் கொடுத்து வரையச் சொல்லும். அக்கரைப்பேட்டையில் எட்டு வயசுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்ததும், "அக்கா, இன்னைக்கும் அலை வரையணுமா?" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு செருப்பு, அப்புறம் அவன் தம்பி எந்த முகாமில் இருக்கிறான் என்ற தகவல். பேரிடர் முடிந்த கையோடு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் மூன்றே வேலைதான்: பார், கேள், இணைத்துவிடு. பாதுகாப்பு இருக்கிறதா பார், அவர் பேசினால் கேள், வேண்டியவர்களோடும் வேண்டிய உதவியோடும் அவரை இணைத்துவிடு. பேசித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே என்றும் சொல்கிறது. நாங்கள் எல்லாரும் கையில் கிரேயானோடு போனோமே, எங்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சொல்லிக்கொடுக்கும் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். எம்.பில். முடித்து, முனைவர் பட்டமும் வாங்கி, 2008இலிருந்து கல்லூரியில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் இன்னமும் ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கிறேன். பார்ப்பதை நிறுத்திவிட்டால் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்திவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

"என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கவுன்சலர் ஆக வேண்டும் என்கிறாள். ஆறு மாதத்தில் ஆன்லைனில் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. சேர்க்கலாமா?" – வாசகர், பொள்ளாச்சி

அந்தச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டாதீர்கள் ஐயா. உங்கள் மகள் ஆர்வத்தில் எடுத்துப் படித்தால் தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளை எதிரில் உட்கார வைக்கக் கூடாது.

நிலவரத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் சிக்கலானது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். அது 1992ஆம் வருடச் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு. இத்தனை நாள் அதற்கு வழி எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு அப்புறம் இரண்டு வருட எம்.பில்., ஆஸ்பத்திரியிலேயே இருந்து செய்வது. அந்த எம்.பில். சேர்க்கை 2025-26 கல்வியாண்டோடு முடிகிறது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., சொல்லிவிட்டது, அதற்குப் பதிலாகப் புதுப் படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மகள் பட்டம் முடிக்கும்போது எது நடப்பில் இருக்கிறது என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவுன்சலர் விஷயம் வேறு. அந்தப் பேரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளும் நிலைதான் ரொம்ப காலமாக இருந்தது. 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, அதில் மனநடத்தை சார்ந்த தொழில்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாநில அளவில் பதிவேடு எல்லாம் முழுசாக நடைமுறைக்கு வந்தால் நிலைமை மாறும் என்று ரொம்பவே நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவு போட்டது. நிறையப் பேருக்கு, முக்கியமாக வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்த பெண்களுக்கு, அது பெரிய அடி. எனக்குத் தெரிந்து மூன்று பேர் அழுதார்கள். இருந்தாலும் இந்தத் தொழிலை ஸ்கிரீன் வழியாக மட்டும் கற்றுக்கொள்ள முடியாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சரி, மகளை என்ன செய்யச் சொல்வது? நேரடியாகப் போய்ப் படிக்கிற மாதிரி பி.எஸ்சி. அல்லது பி.ஏ. சைக்காலஜி, இல்லையென்றால் சமூகப்பணி. அப்புறம் முதுகலை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மாணவி படிப்பு முடிவதற்குள் எத்தனை மணி நேரம் உண்மையான ஆட்களோடு உட்காருவாள், அதை யார் கவனித்துத் திருத்துவார், வாரம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். துறைத் தலைவர் எண்ணிக்கையைச் சொல்லாமல் 'எக்ஸ்போஷர் கொடுக்கிறோம்' என்று இழுத்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

"சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் – மூவருக்கும் என்ன வித்தியாசம்?" – வாசகர், ஆரணி

சைக்கியாட்ரிஸ்ட் டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் செய்வார், நோயைக் கணிப்பார், பேச்சு வழியான சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். கவுன்சலர், வாழ்க்கையில் வரும் சிக்கல்களோடு ஒருவர் மல்லுக்கட்டும்போது கூட இருப்பவர். நோய் மாதிரித் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்பிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி அனுப்பத் தயங்கும் கவுன்சலரிடம் போகாதீர்கள்.

"எங்கள் பக்கம் இதை உளவளத்துணை என்று சொல்வோம். நீங்கள் ஏன் ஆங்கிலச் சொல்லையே பாவிக்கிறீர்கள்?" – வாசகர், மட்டக்களப்பு

நீங்கள் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த சொல். தமிழ்நாட்டில் 'மனநல ஆலோசகர்' என்று எழுதி எழுதியே ஒரு தப்பான எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டோம். ஆலோசனை என்றால் அட்வைஸ். வருகிறவர் உட்கார்ந்ததும், "சொல்லுங்க மேடம், நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார். படிக்க வரும் பிள்ளைகளும் அப்படியே நினைத்து வருகிறார்கள், நல்ல புத்தி சொல்லத் தெரிந்தால் போதும் என்று. முதல் ஆறு மாதம் அந்த நினைப்பைக் களைவதற்கே எனக்குச் சரியாகப் போகிறது.

உளவளத்துணை என்பதில் 'துணை' இருக்கிறது, அதுதான் வேலை. உங்கள் பக்கம் 'ஆற்றுப்படுத்தல்' என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சங்க காலத்தில் ஆற்றுப்படை என்றால் வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் பார்க்கிற இன்னொரு பாணனுக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி சொல்வது. தான் நடந்த வழியைத்தான் அவன் சொல்கிறான். குடியை விட்டவர் இன்னொரு குடிநோயாளிக்குத் துணையாக இருப்பதற்கு அந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். ஆனால் கவுன்சலர் எதிரில் இருப்பவரின் வழியில் தான் நடந்ததில்லை, நடந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் கூடாது. அதனால் என் ஓட்டு உளவளத்துணைக்கு. வாசகர்கள் எல்லாருக்கும் உடனே புரிய வேண்டும் என்பதற்காகக் கவுன்சலிங் என்று எழுதுகிறேன், வகுப்பில் உங்கள் சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதுவேன்.

"எங்கள் அத்தை எல்லார் கஷ்டத்தையும் கேட்பார், நாலு நல்ல வார்த்தை சொல்வார். அதையே செய்ய ஒரு ஆளுக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் எதற்கு?" – வாசகர், ஆத்தூர்

உங்கள் அத்தையைப் போன்றவர்கள் இல்லையென்றால் இந்த நாடு தாங்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அத்தனை பேருக்கும் டாக்டரோ முதுகலை படித்த கவுன்சலரோ கிடைக்கப்போவதில்லை.

படிக்காதவர்களால் முடியாது என்றும் நான் சொல்லமாட்டேன். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஊர்ப் பாட்டிமார்களைச் சேர்த்து, கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு, வருகிறவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்க அவர்களை உட்கார வைத்தார். 'ரொம்ப யோசிக்கிறேன்' என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் சொல்வார்களாம், நம் ஊரிலும் அதே வார்த்தைதானே. பாட்டிகளிடம் போனவர்களின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு இதே மாதிரி உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு இருப்பவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அவர்களைச் சந்தித்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். 2017இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் யாரும் மனநலத் துறையில் படித்தவர்கள் இல்லை.

அப்படியென்றால் அத்தை போதுமே என்று கேட்பீர்கள். கோவாவில் என்ன நடந்தது என்றால், அந்த ஆட்கள் தங்கள் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்தார்கள், வாராவாரம் குழுவாக உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள், எங்கே அவசரப்பட்டோம், எங்கே நம் கதையைச் சொல்ல ஆரம்பித்தோம் என்று பேசினார்கள். அத்தை பேசுவதை யாரும் அப்படிக் கேட்டுத் திருத்தியதில்லை. அத்தைக்கு உங்கள் மாமாவையும் தெரியும், உங்கள் மாமியாரையும் தெரியும், அடுத்த கல்யாணத்தில் எல்லாரையும் பார்க்க வேண்டும். கவுன்சலருக்கு அந்த முடிச்சு கிடையாது.

இப்படிப் பதிவுசெய்து கேட்பது புதுசும் இல்லை. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒருவரோடு நடந்த சந்திப்புகள் முழுவதையும் கிராமபோன் தட்டில் பதிவு செய்து, வார்த்தைக்கு வார்த்தை 1942இல் அச்சிட்டார். அதுவரை மூடின கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சிகிச்சை தருபவரின் வாயால் கேட்டதுதான், வேறு சாட்சி கிடையாது.

என் வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரித்து உட்கார வைப்பேன். ஒருவர் பேசுபவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் கவனிப்பவர். இருபது நிமிடம். அப்புறம் போனில் பதிவானதை அன்றைக்கு ராத்திரியே வரிவரியாக எழுதிக்கொண்டு வர வேண்டும், பெருமூச்சு உட்பட. போன வருடம் ஒரு பையன் எழுதி வந்தது: பேசியவள், "அப்பா போய் ஆறு மாசமாச்சு, அவர் செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு" என்கிறாள். இவன் கேட்கிறான், "எப்படி இறந்தாரு?" அவள் மருத்துவமனை, ஸ்டென்ட், பில் என்று சொல்லிக்கொண்டே போகிறாள், ஒன்பது நிமிடம். செருப்பு திரும்ப வரவே இல்லை. அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பையனே, "மேடம், அவ செருப்பைக் கொண்டு வந்து என் கையில கொடுத்தா, நான் வாங்கவே இல்ல" என்றான். அப்படி ஒரு பையன் தானாகக் கண்டுபிடிக்கும் நாளுக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம், அதுவும் இலவசம், எந்நேரமும்.

"மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ், ஒண்ணு சொல்றேன்' என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது. என்ன சொல்வது?" – வாசகி, கரூர் மாவட்டம்

சத்தியம் பண்ணாதீர்கள் டீச்சர். எவ்வளவு கெஞ்சினாலும். "நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதே வார்த்தைகளில் சொன்னால் போதும். பிள்ளை பின்வாங்கிவிடுமே என்று பயப்படுவீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் திரும்பி வருகிறார்கள், ஏனென்றால் முதல்முறையாக ஒரு பெரியவர் பொய் சொல்லாமல் பேசியிருக்கிறார்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அது பாலியல் தொந்தரவாக இருந்தால் 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. 18 வயசுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளைக்கு நடந்தாலும் சரி. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. ஸ்கூல் பேர் கெட்டுவிடும், குடும்பத்தோடு பேசி முடித்துக்கொள்ளலாம் என்று மேலே இருந்து யாராவது சொன்னால், இந்தப் பிரிவுகளை, 19, 21, ஒரு தாளில் எழுதி அவர்கள் மேஜையில் வையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிட்டால் அடுத்து என்ன செய்வது என்று வழி சொல்வார்கள்.

பிள்ளை சொல்லும்போது விசாரணை நடத்தாதீர்கள். எத்தனை தடவை, எங்கே, ஏன் அப்பவே சொல்லல என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்று ஆரம்பிக்கும் எந்தக் கேள்வியும் அந்த வயசில் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். வாக்குமூலம் வாங்குவதற்குச் சட்டத்திலேயே முறை இருக்கிறது: பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளை நம்பும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க. அந்தப் பெரியவராக நீங்கள் இருக்க வேண்டி வரலாம். போங்கள் டீச்சர். அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு போங்கள்.

"அமெரிக்காவில் 'கவுன்சலர் எஜுகேட்டர்' என்று தனிப் பட்டமே இருப்பதாக என் அண்ணன் மகன் சொல்கிறான். அங்கே எப்படி?" – வாசகர், தஞ்சாவூர்

ஆமாம், கவுன்சலர்களை உருவாக்குவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் அங்கே முனைவர் பட்டம் இருக்கிறது. கவுன்சலிங், மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமைப் பொறுப்பு என்று எல்லாவற்றிலும் தேற வேண்டும். 1981இல் ஏற்பட்ட கேக்ரெப் என்ற அமைப்பு படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அதன் விதிப்படி முதுகலையிலேயே முதலில் 100 மணி நேரம் களப்பயிற்சி, அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு. அப்புறம் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதில் 240 நேரடியாக. வாராவாரம் மேற்பார்வை கட்டாயம். முடித்த பிறகும் மாநில உரிமத்துக்கு இன்னும் சில வருடம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் மாநிலம் வர்ஜீனியா 1976இல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது, கடைசி மாநிலம் கலிபோர்னியா 2009இல்தான். 33 வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். நமக்கு 2021இல்தான் சட்டம் வந்திருக்கிறது. 33 வருடம் காத்திருக்க எனக்கு மனசில்லை, அதனால் எங்கள் மாணவர்களுக்கு மணிக்கணக்கு நோட்டு ஒன்றை நாங்களே போட்டுவைத்திருக்கிறோம்.

"அக்கா, நான் கவுன்சலராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் நாலு முறை வந்த ஒரு கல்லூரி மாணவன் போன மாதம் தற்கொலை செய்துகொண்டான். வேலை செய்யும் இடத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. என் நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று தோன்றுகிறது." – திருச்சி

தங்கச்சி, உன் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு மட்டும் நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

எனக்கும் நடந்திருக்கிறது. 2011இல். அவர் கடைசியாக வந்துபோன நாளின் குறிப்பை நானும் மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். இந்தத் துறையில் நெடுநாள் இருப்பவர்கள் நிறையப் பேருக்கு இது நடந்திருக்கிறது, ஆனால் வெளியே சொல்வதில்லை, சொல்லாததனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த நோட்டைத் தனியாகப் படிப்பதை இன்றோடு நிறுத்து. அதைப் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கூட ஒருவரை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தனியாகப் படிக்கும்போது முடிவு தெரிந்துகொண்டு படிக்கிறாய், ஒவ்வொரு வரியும் அறிகுறியாகத்தான் தெரியும். அன்றைக்கு உன் எதிரில் அவன் உட்கார்ந்திருந்தபோது உனக்கு என்ன தெரிந்தது, நீ என்ன கேட்டாய் என்று, முடிவைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். ஏதாவது விட்டிருந்தாலும் அந்த இடத்தில்தான் அது தெரியும், அதைத் தாங்கிக்கொள்ளவும் அங்கேதான் முடியும். உன் வேலை இடத்தில் இதற்கு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருடமாக மேற்பார்வையே இல்லாமல் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தத் தவறு உன்னுடையது இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அவன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் விரும்பினால் போ. போய் விளக்கம் சொல்லாதே, அவன் உன்னிடம் பேசியதை வெளியிடாதே, உட்கார்ந்திரு. அவர்கள் போலீசு, கேசு என்று இன்னமும் பயந்துகொண்டு எதையும் வெளியே பேசாமல் இருக்கலாம். 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309 பிரிவும் புதிய குற்றச் சட்டத்தில் இல்லை, ஆனால் அந்தப் பயம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை.

அப்புறம், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு மாதமாக எழுதியிருக்கிறாய். அதற்கு நீ ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், இந்த வாரமே. ராத்திரியில் உனக்கே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் 14416, அல்லது சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு மையமான சிநேகாவுக்கு 044-24640050. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் ஆரம்பித்தது, தன்னார்வலர்கள் கேட்பார்கள். இந்த எண்களை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு நாம் கூப்பிடக் கை வராது, தெரியும். கூப்பிடு.

லாயக்கா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்யாதே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் துறையில் ஏழெட்டு கவுன்சலர்கள் கூடுவோம், பழைய மாணவர்கள், வெளியாட்களும் உண்டு. அவரவர் கேஸை வைத்துப் பேசுவோம். இதழ் அலுவலகத்தில் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து மதியம் பஸ் ஏறினால் மதுரைக்கு நேரத்துக்கு வந்துவிடலாம், ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். நோட்டை எடுத்து வா. முதல் நாள் அதைத் திறக்க வேண்டாம்.